கண்ணாடி மாளிகையில் முளைத்த மரம்

பேராக் மாநிலத்தின் பழைய தலைநகரமான தைப்பிங், மழைக்குப் பெயர் பெற்ற ஊர். ஆண்டுக்கு ஏறத்தாழ 4,000 மில்லிமீட்டர் மழை இங்குப் பெய்கிறது. ஊருக்குப் பின்னே லாருட் மலை எழுந்து நிற்கிறது. முன்பு அதற்கு மேக்ஸ்வெல் மலை என்று பெயர். ஏரித் தோட்டத்தில் நின்று பார்த்தால், பிற்பகலில் அம்மலையின் உச்சி மேகத்தில் மறைவதைக் காணலாம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அம்மலைக் காடுகளில் ஏறி இறங்கி, இலை, பூ, வேர் எனச் சேகரித்துத் திரிந்த தாவரவியலாளர்களுள் ஒருவர் ஹென்றி நிக்கோலஸ் ரிட்லி. சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் முதல் அறிவியல் இயக்குநர் அவர். மலாயாவில் இரப்பர்த் தொழில் வேரூன்றக் காரணமாக இருந்தவர்களுள் முதன்மையானவரும் அவரே. ஆனால், அவர் பேசிய இரப்பரைப் பல ஆண்டுகள் யாரும் பொருட்படுத்தவில்லை. தோட்ட முதலாளிகள் அவருக்குப் பைத்தியக்கார ரிட்லி என்று பட்டப்பெயர் சூட்டினர்.

இளமையும் கல்வியும்

ரிட்லி 1855-ஆம் ஆண்டு டிசம்பர் 10-ஆம் நாள், இங்கிலாந்தின் நார்ஃபோக் வட்டாரத்தில் உள்ள வெஸ்ட் ஹார்லிங் என்னும் சிற்றூரில் பிறந்தார். அவருடைய தந்தை ஒரு பாதிரியார். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் படித்துப் பட்டம் பெற்ற ரிட்லி, 1880-இல் இலண்டனில் உள்ள பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் தாவரவியல் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தார். உலகின் பல மூலைகளிலிருந்து வந்து சேரும் உலர்ந்த செடிகளை ஆராய்ந்து, இனம் பிரித்துப் பெயரிடுவது அங்குள்ள பணி.

உலர்ந்த இலையைப் பார்த்துக்கொண்டே இருப்பது அவருக்குப் போதவில்லை. செடியை அது வாழும் மண்ணிலேயே பார்க்க விரும்பினார். 1887-இல் பிரேசில் கரைக்கு அப்பால் உள்ள ஃபெர்னாண்டோ டி நொரோன்ஹா என்னும் தீவுக்கு ஆய்வுப் பயணம் மேற்கொண்டார். வெப்ப மண்டலத்தின் வெயிலும் மழையும் தாவரங்களும் அவரை ஈர்த்தன. அடுத்த ஆண்டே அவருக்குச் சிங்கப்பூரில் வேலை கிடைத்தது.

கியூ தோட்டத்தின் கண்ணாடி மாளிகைகள்

ரிட்லியின் வாழ்க்கையை அறிய, அவர் பிறந்த நாட்டிலுள்ள ஒரு தோட்டத்தைப் பற்றி முதலில் அறிய வேண்டும். இலண்டனுக்கு மேற்கே, தேம்ஸ் ஆற்றங்கரையில் உள்ளது கியூ அரச தாவரவியல் பூங்கா. 1759-இல் அரச குடும்பத்தின் தோட்டமாகத் தோன்றிய அது, 1840-இல் அரசின் பொறுப்புக்கு வந்தது. இலண்டனுக்குப் பயணம் செல்வோர் அன்றும் இன்றும் விரும்பிக் காணும் இடங்களுள் அதுவும் ஒன்று.

அங்குள்ளவற்றுள் புகழ் பெற்றது பனை மாளிகை எனப்படும் கண்ணாடிக் கட்டடம். 1844-இல் தொடங்கி 1848-இல் கட்டி முடிக்கப்பட்டது. ஏறத்தாழ 110 மீட்டர் நீளம் கொண்டது. இரும்பு விலாக்களின் மேல் வளைந்த கண்ணாடிகள் பதிக்கப்பட்டுள்ளன. கவிழ்த்து வைத்த கப்பலைப் போல அது தோன்றும். உள்ளே சுழல் படிக்கட்டில் ஏறினால், மரங்களின் உச்சியை மேலிருந்து பார்க்கலாம்.

குளிர் நாட்டில் தென்னையும் வாழையும் எவ்வாறு வளர்கின்றன? சூரிய ஒளி கண்ணாடியின் வழியே உள்ளே புகுந்து மண்ணையும் இலைகளையும் சூடாக்குகிறது. சூடான காற்று வெளியேற வழியில்லாததால் உள்ளேயே தங்குகிறது. பனிக்காலத்தில் அந்த வெப்பம் போதாது. ஆகவே, அக்காலத்தில் தரைக்கு அடியில் கொதிகலன்கள் வைத்து, குழாய்களின் வழியே வெந்நீரின் வெப்பத்தைப் பரப்பினர். கொதிகலனுக்கு வேண்டிய நிலக்கரி சுரங்கப் பாதை வழியாக வந்தது. புகை செடிகளைக் கெடுக்காதிருக்க, அதை நெடுந்தொலைவு கொண்டு சென்று தனிக் கோபுரத்தின் வழியே வெளியேற்றினர்.

தைப்பிங்கில் இயற்கை இலவசமாகத் தரும் வெப்பத்தையும் ஈரத்தையும் கியூவில் நிலக்கரியையும் கண்ணாடியையும் கொண்டு உண்டாக்க வேண்டியிருந்தது. இவ்வளவு செலவு செய்தது அழகுக்காக மட்டுமன்று. எந்தச் செடி எந்த நாட்டில் பயன் தரும், எந்தச் செடியைக் கொண்டு பணம் ஈட்டலாம் என்று பிரிட்டிஷ் அரசு ஆராய்ந்த இடமும் அதுவே. ஒரு கண்டத்தின் செடியை வாங்கி, கண்ணாடியின் கீழ் முளைக்க வைத்து, மற்றொரு கண்டத்தில் உள்ள தன் குடியேற்ற நாட்டுக்கு அனுப்பும் நாற்றங்காலாகக் கியூ விளங்கியது.

விதையின் பயணம்

இரப்பர் மரத்தின் தாயகம் தென் அமெரிக்காவின் அமேசான் காடு. அங்குள்ள பழங்குடி மக்கள் அதன் பாலைப் பல நூற்றாண்டுகளாகப் பயன்படுத்தி வந்தனர். 1876-இல் ஹென்றி விக்காம் என்னும் ஆங்கிலேயர், பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 இரப்பர் விதைகளைக் கப்பலில் ஏற்றி இங்கிலாந்துக்குக் கொண்டு வந்தார். தங்கள் நாட்டுச் செல்வம் திருடப்பட்டதாகவே பிரேசில் நாட்டினர் பலர் இன்றும் கருதுகின்றனர்.

இரப்பர் விதை எண்ணெய்ப் பசை மிக்கது. விரைவில் கெட்டுவிடும். ஆகவே, ஜூன் மாதத்தில் விதைகள் கியூவை அடைந்தவுடன், கண்ணாடி மாளிகைகளில் அவற்றுக்கு அவசரமாக இடம் ஒதுக்கி, நெருக்கமாகப் பரப்பி விதைத்தனர். சில நாள்களில் முளைகள் தோன்றின. ஆனால், முளைத்தவை ஏறத்தாழ 2,700 மட்டுமே. நூறு விதைக்கு நான்கு முளைகூடத் தேறவில்லை.

அவற்றுள் 1,900-க்கும் மேற்பட்ட கன்றுகள் இலங்கைக்கு அனுப்பப்பட்டன. பல வாரக் கடற்பயணத்தில் கன்றுகளைக் காத்தது மற்றொரு கண்ணாடி வீடு. அது ஒரு பெட்டி அளவே ஆனது. நத்தானியல் வார்டு என்னும் இலண்டன் மருத்துவர் கண்டறிந்த அந்தப் பெட்டியில், இலைகள் வெளியிடும் நீராவி கண்ணாடியில் படிந்து, நீர்த்துளியாகி, மீண்டும் மண்ணில் விழும். கடற்காற்றின் உப்பு உள்ளே புகாது. நாள்தோறும் நீர் ஊற்றவும் தேவையில்லை.

சிங்கப்பூருக்கு முதலில் அனுப்பிய கன்றுகள் பட்டுப்போயின. 1877-இல் மீண்டும் 22 கன்றுகள் வந்து சேர்ந்தன. அவற்றுள் ஒன்பது கன்றுகள் பேராக்கிலுள்ள கோலகங்சாருக்குப் போயின. அப்போது பேராக்கின் பிரிட்டிஷ் ஆலோசகராக இருந்த ஹியூ லோ அவற்றைத் தம் தோட்டத்தில் நட்டார். அவர் ஆட்சி அலுவலர் மட்டுமல்லர். தாவரங்களை நன்கு அறிந்தவர். அவருடைய தந்தை இலண்டனில் செடி வளர்ப்புப் பண்ணை நடத்தியவர். கோலகங்சார் மண்ணில் கன்றுகள் செழித்து மரங்களாயின.

மரங்கள் வளர்ந்தன; ஆனால், அவற்றை வைத்து என்ன செய்வது என்று எவருக்கும் தெளிவாகத் தெரியவில்லை. இந்த நிலையில்தான் ரிட்லி வந்தார்.

சிங்கப்பூரில் புதிய இயக்குநர்

1888-ஆம் ஆண்டின் இறுதியில் ரிட்லி சிங்கப்பூர் வந்து பொறுப்பேற்றார். அப்போது அவருக்கு வயது 32. சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா ஆகிய நீரிணைக் குடியேற்றங்களின் தோட்டங்களும் காடுகளும் அவருடைய கண்காணிப்பில் இருந்தன.

தாவரவியல் பூங்காவின் ஒரு பகுதியில் இரப்பர் மரங்கள் புதர் மண்டிக் கிடந்தன. அவற்றைச் சுற்றிலும் இருந்த களைகளை அகற்றச் செய்தார். பிறகு ஒவ்வொரு மரத்தையும் கவனிக்கத் தொடங்கினார். எத்தனை ஆண்டில் பால் தரும்? எந்த உயரத்தில் வெட்டினால் மிகுதியாகப் பால் வரும்? எந்த நேரத்தில் வெட்ட வேண்டும்? எத்தனை நாளுக்கு ஒருமுறை வெட்டலாம்? இவற்றுக்கெல்லாம் அவர் விடை தேடினார்.

அதே 1888-இல், அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் ஜான் பாய்டு டன்லப் என்னும் கால்நடை மருத்துவர், காற்றடைத்த இரப்பர்ச் சக்கரத்துக்குக் காப்புரிமை பெற்றார். முதலில் மிதிவண்டிக்கும் பிறகு மோட்டார் வண்டிக்கும் அது பொருத்தப்பட்டது. உலகம் இரப்பருக்காக ஏங்கப்போகும் காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. ஆனால், மலாயாவின் தோட்டக்காரர்கள் அப்போது காப்பியையே நம்பியிருந்தனர்.

வெட்டும் முறையைக் கண்டறிதல்

அமேசான் காட்டில் இரப்பர்ப் பால் எடுப்போர், சிறு கோடரியால் மரத்தைக் கொத்துவது வழக்கம். கொத்து ஆழமாக விழுந்தால் கட்டையும் காயமடையும். காயம் ஆறும்போது மரத்தில் முடிச்சுகள் தோன்றும். அதன்பின் அந்த இடத்தில் வெட்ட முடியாது.

ரிட்லி வேறு வழியைத் தேடினார். இரப்பர்ப் பால், மரத்தின் பட்டையில் உள்ள நுண்குழாய்களில் ஓடுகிறது. பட்டைக்கும் கட்டைக்கும் இடையே மெல்லிய வளர்படலம் ஒன்று உண்டு. புதிய பட்டையை உண்டாக்குவது அந்தப் படலமே. ஆகவே, படலத்தைத் தொடாமல் பட்டையை மட்டும் சாய்வாகச் சீவ வேண்டும். மறுமுறை புதிய இடத்தில் வெட்டாமல், பழைய வெட்டின் கீழ் விளிம்பிலேயே ஒரு மெல்லிய சீவல் எடுத்தால் போதும். மீண்டும் பால் வடியும். சீவிய பட்டை காலப்போக்கில் மறுபடியும் வளரும்.

இதில் வியப்பான ஒன்றையும் அவர் கண்டார். முதல் நாள் வெட்டியபோது சிறிதளவே வடிந்த பால், அதே வெட்டை மறுபடி மறுபடி சீவியபோது கூடியது. மரம் தன் காயத்துக்கு மறுமொழி தருவதைப் போல இது அமைந்தது. அதிகாலையில் வெட்டினால் பால் நன்கு வடிகிறது என்பதையும், வெயில் ஏற ஏற அது குறைகிறது என்பதையும் அவர் சோதித்தறிந்தார். நடுவில் நேராக ஒரு கால்வாயும், இரு புறமும் அதை நோக்கிச் சரியும் வெட்டுகளுமாக மீன் முள்ளைப் போன்ற அமைப்பில் பட்டையைச் சீவும் முறையை உருவாக்கினார்.

இதனால் ஓர் அடிப்படை உண்மை நிலைநாட்டப்பட்டது. பாலுக்காக மரத்தைக் கொல்ல வேண்டியதில்லை. ஒரே மரத்திலிருந்து பல ஆண்டுகள் பால் எடுக்கலாம். காட்டில் தேடித் திரிந்து எடுத்த பொருளைத் தோட்டப் பயிராக மாற்ற இந்த அறிவே வழி செய்தது.

சட்டைப்பையில் விதைகள்

வழி கண்டறிந்த பிறகும் நடுவதற்கு ஆள் கிடைக்கவில்லை. இரப்பர் மரம் பால் தர ஐந்து, ஆறு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். அதுவரை வருமானம் இல்லை. பிரேசிலின் காட்டு இரப்பரோடு போட்டியிட முடியுமா என்ற ஐயமும் இருந்தது. காப்பி நல்ல விலைக்குப் போகும்போது, தெரியாத மரத்தில் பணத்தைப் போட எவர் துணிவார்?

ரிட்லி சோர்ந்துவிடவில்லை. தோட்ட முதலாளிகளைச் சந்திக்கும் இடத்திலெல்லாம் இரப்பரைப் பற்றியே பேசினார். சட்டைப்பையில் விதைகளைப் போட்டுக்கொண்டு போய், கண்டவர் கையில் திணித்தார். அவர் வருவதைக் கண்டு சிலர் நழுவினர்; சிலர் சிரித்தனர். மேலதிகாரிகளிலும் சிலர் அவருடைய முயற்சியை வீண் வேலையாகக் கருதினர். பல ஆண்டுகள் இந்தப் புறக்கணிப்பைத் தாங்கிக்கொண்டு, அவர் மரங்களை வளர்த்தார், விதைகளைச் சேர்த்தார், கண்டறிந்தவற்றை எழுதி வெளியிட்டார்.

1890களில் நிலைமை மாறியது. பிரேசிலில் காப்பி பெருகியதால் உலகச் சந்தையில் விலை வீழ்ந்தது. மலாயாவின் காப்பித் தோட்டங்களை நோயும் தாக்கியது. வேறு பயிரைத் தேடியவர்களுக்கு ரிட்லியின் விதைகள் நினைவுக்கு வந்தன. 1896-இல் மலாக்காவைச் சேர்ந்த டான் சாய் யான் என்னும் சீன வணிகர், ரிட்லியின் சொல்லை நம்பிப் புக்கிட் லிந்தாங்கில் இரப்பர் நட்டார். மலாயாவில் இரப்பரை வணிகப் பயிராக முதலில் நட்டவர்களுள் அவரும் ஒருவர்.

அதன் பிறகு விதை கேட்டு எழுதுவோர் பெருகினர். புறக்கணிக்கப்பட்ட காலத்தில் மரங்களைக் காத்து வைத்திருந்ததால்தான், கேட்டவர்களுக்குக் கொடுக்க ரிட்லியிடம் விதைகள் இருந்தன. 1917-க்குள் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்கா எழுபது இலட்சத்துக்கும் மேற்பட்ட இரப்பர் விதைகளை வழங்கியிருந்தது.

தைப்பிங் மலைகளில்

ரிட்லியை இரப்பரோடு மட்டும் இணைத்துப் பார்ப்பது முழுமையாகாது. மலாயாவின் காடுகளில் எத்தனை வகைத் தாவரங்கள் உள்ளன என்று பட்டியலிடுவதே அவருடைய வாழ்நாள் பணி. அதற்காகத் தீபகற்பம் முழுவதும் பயணம் செய்தார். பேராக்கும் தைப்பிங் மலைகளும் அவருக்குச் செல்வக் களஞ்சியங்களாக விளங்கின.

தைப்பிங் அப்போது ஈயச் சுரங்கங்களால் வளர்ந்த நகரம். மலாயாவின் முதல் இரயில் பாதை 1885-இல் தைப்பிங்குக்கும் போர்ட் வெல்டுக்கும் இடையேதான் திறக்கப்பட்டது. 1883-இல் தோன்றிய பேராக் அருங்காட்சியகம் மலேசியாவிலேயே பழைமையானது. அதன் காப்பாளராக இருந்த லியோனார்டு ரே, பேராக் மலைகளின் தாவரங்களைச் சேகரித்து ஆராய்ந்தார். லாருட் மலையில் அரசு அமைத்திருந்த தோட்டத்தையும் அவரே கவனித்தார்.

அந்த மலைத் தோட்டத்தைக் கியூவின் கண்ணாடி மாளிகையோடு ஒப்பிடலாம். இங்கிலாந்தில் வெப்ப நாட்டுச் செடிகளை வளர்க்கக் கண்ணாடியால் வெப்பத்தை அடைத்து வைத்தனர். தைப்பிங்கில் குளிர் நாட்டுக் காய்கறிகளையும் பூக்களையும் வளர்க்க, வெப்பத்தை விட்டு விலகி மலைமேல் ஏறினர். கடல் மட்டத்துக்கு மேல் ஆயிரம் மீட்டர் உயரத்தில், கண்ணாடி இல்லாமலே வேறொரு பருவநிலை கிடைத்தது.

மலையில் ஏறுபவர் உயரம் கூடக் கூடத் தாவரங்கள் மாறுவதைக் காணலாம். அடிவாரத்தில் பெருமரங்கள், மேலே பாசி படர்ந்த குட்டை மரங்கள், பெரணிகள், ஆர்க்கிட் மலர்கள், பூச்சிகளைப் பிடிக்கும் கெண்டிச் செடிகள். ரிட்லி இத்தகைய செடிகளைச் சேகரித்து, தாள்களுக்கிடையே வைத்து அழுத்தி உலர்த்தி, இடமும் நாளும் குறித்துப் பாதுகாத்தார். மழை ஓயாத மலையில் ஓர் இலையை உலர்த்துவதே பெரும்பாடு. பூஞ்சை பிடித்தால் எல்லா உழைப்பும் பாழ். அவர் சேகரித்த செடிகள் சிங்கப்பூரிலும் கியூவிலும் ஆய்வுக்காக வைக்கப்பட்டன.

சிங்கப்பூரில் அவருடைய கவனத்தைக் கவர்ந்த மற்றொரு மலரும் உண்டு. ஆக்னஸ் ஜோவாக்கிம் என்னும் பெண்மணி தம் வீட்டுத் தோட்டத்தில் மலர்ந்த புதிய ஆர்க்கிட் ஒன்றை ரிட்லியிடம் காட்டினார். 1893-இல் ரிட்லி அதை உலகுக்கு அறிவித்து, அப்பெண்ணின் பெயரையே அதற்குச் சூட்டினார். அதுவே பின்னாளில் சிங்கப்பூரின் தேசிய மலராயிற்று.

பால்மரக் காடும் தமிழரும்

இருபதாம் நூற்றாண்டு பிறந்தபோது, பேராக்கின் காடுகள் வேகமாக அழிக்கப்பட்டு இரப்பர்த் தோட்டங்களாயின. தைப்பிங், கமுந்திங், சுங்கை சிப்புட், ஈப்போ என எங்கும் வரிசை வரிசையாகப் பால்மரங்கள் நின்றன. 1910-இல் இரப்பர் விலை அதுவரை காணாத உயரத்தைத் தொட்டது. சில ஆண்டுகளில் உலகின் இரப்பரில் ஏறத்தாழப் பாதியை மலாயா தந்தது.

மரம் கியூவிலிருந்து வந்தது. முறை சிங்கப்பூரிலிருந்து வந்தது. வேலை செய்யும் கைகள் தமிழ்நாட்டிலிருந்து வந்தன. ஒப்பந்த முறையிலும், பிறகு கங்காணி முறையிலும் ஆயிரக்கணக்கான தமிழர் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிப் பினாங்கில் இறங்கினர். ஒப்பந்த முறை 1910-இல் நிறுத்தப்பட்டது. கங்காணி முறை 1938 வரை நீடித்தது. காடு அழித்த இடங்களில் மலேரியாக் காய்ச்சல் பலரைப் பலி கொண்டது. பிழைத்தவர்கள் லயங்களில் குடியேறி, கோவில் கட்டினர். பிள்ளைகளுக்குத் தோட்டப் பள்ளியில் தமிழ் கற்பித்தனர்.

ரிட்லி தாளில் எழுதிய முறை, தோட்டத்தில் தமிழர் கைத்திறனாக மாறியது. விடியுமுன் பெரட்டுக்குக் கூடி, தமக்குரிய நிரைக்குச் செல்வர். தலையில் கட்டிய விளக்கின் ஒளியில் மரத்துக்கு மரம் நடந்து பட்டையைச் சீவுவர். கத்தி சற்று ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம். சற்று மேலாகப் போனால் பால் இல்லை. அந்த நூலிழை அளவை இருட்டில், மணிக்கட்டின் உணர்வைக் கொண்டே அவர்கள் அறிந்தனர். நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான மரங்களை இவ்வாறு வெட்டி, மங்கில் வடிந்த பாலைச் சேர்த்து, வாளியில் சுமந்து ஆலைக்குக் கொண்டு சென்றனர்.

மழை இந்த மரத்துக்கு உயிர். ஆனால், தொழிலாளிக்கு அதுவே இடர். பட்டை நனைந்திருந்தால் வெட்டில் ஊறும் பால், கால்வாயில் ஓடாமல் மரமெங்கும் வழிந்து வீணாகும். ஆகவே, காலையில் மழை பெய்தால் பால்வெட்டு இல்லை. நாள் கூலியை நம்பியிருந்த குடும்பங்களுக்கு வெட்டு இல்லாத நாளில் வருமானமும் குறையும். மழை மிகுந்த தைப்பிங் வட்டாரத்தில், வானத்தைப் பார்த்து அன்றைய அடுப்பைக் கணக்கிட்ட தாய்மார்கள் பலர். இரப்பர்ப் பணம் இலண்டன் பங்குச் சந்தையில் பெருகிய காலத்திலும் லயத்து வாழ்க்கை எளிதாக இருக்கவில்லை.

ரிட்லியின் முறையால் மரம் பல ஆண்டுகள் வாழ்ந்தது. அந்த மரத்தை வாழவைத்தபடியே பால் எடுத்தவர்கள், பெயர் எழுதி வைக்கப்படாத இந்தத் தொழிலாளர்களே. மலாயா இரப்பரின் வரலாற்றில் இருவருக்கும் இடம் உண்டு.

மீண்டும் கியூவுக்கு

ரிட்லி 23 ஆண்டுகள் சிங்கப்பூரில் பணியாற்றி, 1912-இல் ஓய்வு பெற்றார். அதற்கு முன்னரே, 1907-இல் இலண்டன் அரச கழகம் அவரை உறுப்பினராக ஏற்றுக்கொண்டது. பைத்தியக்காரர் என்று சிரித்தவர்கள், அவர் தந்த விதைகளால் செல்வர்களாகி, அவரைப் பாராட்டி விருது வழங்கினர். ஆனால், அவர் தமக்கென்று இரப்பர்த் தோட்டம் வளர்த்துப் பெரும் பணம் சேர்க்கவில்லை. அறிவைப் பிறருக்குக் கொடுப்பதே தம் வேலை என்று வாழ்ந்தார்.

இங்கிலாந்து திரும்பியவர் கியூ தோட்டத்தின் அருகிலேயே குடியேறினார். மலாயாவில் தாமும் மற்றவர்களும் சேகரித்த உலர்ந்த செடிகள் அங்கே இருந்தன. அவற்றை ஆராய்ந்து, மலாய்த் தீபகற்பத்தின் தாவரங்களைப் பற்றி ஐந்து தொகுதிகள் கொண்ட பெருநூலை 1922 முதல் 1925 வரை வெளியிட்டார். பேராக் மலைகளின் செடிகளும் அதில் இடம் பெற்றன. விதைகள் காற்றாலும் நீராலும் பறவைகளாலும் விலங்குகளாலும் எவ்வாறு பரவுகின்றன என்பதை விளக்கும் பெரிய நூல் ஒன்றையும் 1930-இல் எழுதினார். விதைகளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் பரப்பியவருக்கு அது பொருத்தமான பொருளாகவே அமைந்தது.

நெடுங்காலம் தனித்து வாழ்ந்த ரிட்லி, தம் எண்பதாம் அகவையைக் கடந்த பிறகே திருமணம் செய்துகொண்டார். 1950-இல் லின்னேயன் கழகம் அவருக்குத் தங்கப் பதக்கம் வழங்கியது. 1955 டிசம்பரில் நூறு வயதை எட்டினார். 1956-ஆம் ஆண்டு அக்டோபர் 24-ஆம் நாள் கியூவில் காலமானார். மலாயா விடுதலை பெற அப்போது பத்து மாதங்களே இருந்தன. அந்தப் புதிய நாட்டின் கருவூலத்துக்கு அன்று பெரும் வருமானம் தந்தவை இரப்பரும் ஈயமுமே.

காலம் மாறிவிட்டது. பேராக்கின் பல இரப்பர்த் தோட்டங்களில் இன்று செம்பனை நிற்கிறது. தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது பல தமிழ்க் குடும்பங்கள் வேலையையும் வீட்டையும் இழந்து நகரங்களுக்குப் பெயர்ந்தன. நூறாண்டு வாழ்க்கையின் சுவடாகச் சில இடங்களில் கோவிலும் பள்ளியும் மட்டும் எஞ்சியுள்ளன.

தைப்பிங்கிலிருந்து தெற்கே சென்றால் கோலகங்சாரை அடையலாம். அங்கே மாவட்ட அலுவலகத்துக்கு அருகில், 1877-இல் வந்த கன்றுகளுள் ஒன்று பெரிய மரமாக இன்றும் வேலிக்குள் பாதுகாக்கப்படுகிறது. இலண்டனுக்குப் பயணம் செல்லும் மலேசியர், கியூவின் பனை மாளிகைக்குள் நுழைந்தால் அங்கும் ஓர் இரப்பர் மரத்தைக் காணலாம். அந்த மாளிகையில் மரங்கள் கூரையைத் தொடும் உயரம் வளர்ந்தால் அவற்றை வெட்டிவிடுகின்றனர். கோலகங்சார் மரத்துக்கு அப்படி ஓர் எல்லை இருக்கவில்லை. கண்ணாடியின் கீழ் முளைத்த அது, பேராக் மழையில் நனைந்து தன் விருப்பம் போல் உயர்ந்து நிற்கிறது.